கண்ணின் சாட்சி: மூளையதிர்ச்சியும் அளவை நூலும்

தலையில் அடிபட்டவருக்கு மூளை அதிர்ந்திருக்கிறதா என்பதை அவருடைய கண்களை அளந்து அறியும் முறைகள் சென்ற ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக உருவாகியிருக்கின்றன. நகரும் புள்ளி ஒன்றை விழி தொடரும் விதம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் வேகம், இரண்டு விழிகளும் சேர்ந்து மூக்கின் பக்கம் திரும்பும் எல்லை, வெளிச்சம் பட்டதும் கண்பாவை சுருங்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகியவற்றை மருத்துவர்கள் அளக்கிறார்கள். இந்த முறைகள் மருத்துவத்தோடு நின்றுவிடாத ஒரு கேள்வியைக் கூடவே கொண்டுவருகின்றன. ஒருவர் தமக்குள் உணரும் துன்பத்தை மற்றவர் எதைக் கொண்டு அறிகிறார்? அப்படி அறிந்ததை எப்போது உறுதி என்று சொல்லலாம்? காவிரிப் படுகையின் சைவ மடங்களில் அளவை என்ற பெயரில் பல நூற்றாண்டுகளாகப் பாடம் நடந்துவந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். மருத்துவமனையில் இன்று எழும் குழப்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பாடத்தில் தெளிவு கிடைக்கிறது.

லேசான மூளைக்காயம் என்ற பெயர் ஓர் எண்ணிக்கையிலிருந்து வந்தது. கிளாஸ்கோ நகரத்து நரம்பு அறுவை மருத்துவர்களான கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் 1974இல் வகுத்த, பின்னர் திருத்தம் பெற்ற அளவுகோலில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையான காயம். 13 முதல் 15 வரை லேசானது. நினைவு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை மதிப்பிட உருவான கோல் இது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் 15க்கு 15 வாங்கியவர் படும் பாட்டைச் சொல்ல அதில் இடமில்லை. லேசானது என்ற சொல் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. இங்கேதான் அநியாயம் தொடங்குகிறது.

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையில், திருவாரூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களில் ஒன்றாக இருக்கும் குடவாசலைப் போன்ற ஊர்களில் தலைக்காயம் அரிதான செய்தி இல்லை. வயல்களுக்கு நடுவே வளைந்து போகும் குறுகிய சாலைகளில் இருசக்கர வண்டிகள் சறுக்கும். தென்னை ஏறியவர் விழுவார். கபடிக் களத்தில் தலையோடு தலை மோதும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களிலேயே அதிகம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் அரசே செலவை ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியபின், அடிபட்டவரைப் பணத்துக்குப் பயந்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை குறைந்தது. திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகிறவருக்கு சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். ஸ்கேன் நார்மல் என்றதும் குடும்பம் மூச்சுவிடுகிறது.

தொல்லை பலருக்கு அதற்குப் பிறகுதான் வரும். வெயிலைப் பார்த்தால் கண் கூசும். செல்போன் திரையில் எழுத்து ஓடும், குமட்டும். தலை கனக்கும், கிறுகிறுக்கும். சற்று முன் சொன்னது மறந்துபோகும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்கில் நீள்கிறது. கட்டுப் போடக் காயம் இல்லை, காட்ட எக்ஸ்ரே இல்லை. நல்லாத்தானே இருக்கே, எழுந்து வேலையைப் பாரு என்று வீட்டாரே சொல்கிறார்கள். நாள் கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் சொல்லை மறுக்க வழியும் இருப்பதில்லை.

ஸ்கேனில் தெரியாதது எப்படி இவ்வளவு துன்பம் தரும் என்பதற்கு உடலியல் விடை இருக்கிறது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளை, அடியின் வேகத்தில் சுழன்று முறுக்கிக்கொள்கிறது. அப்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன, பெரும்பாலும் அறுவதில்லை. இழையின் சுவர் வழியாக உப்பு அயனிகள் தாறுமாறாக உள்ளும் வெளியும் பாய்கின்றன. அந்தச் சமநிலையைத் திரும்பக் கொண்டுவர மூளை அதிக ஆற்றலைச் செலவழிக்க வேண்டியிருக்கும். அதே வேளையில் இரத்த ஓட்டம் அதற்கு ஈடு கொடுக்காது. வாய்க்கால் கரை எங்கும் உடையாமலே கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேராமல் போவதை டெல்டா விவசாயி அறிவார். மேலேயிருந்து எடுத்த படத்தில் வாய்க்கால் முழுசாகத்தான் தெரியும். சிடி ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும் கருவி. இழையின் தளர்ச்சி அதன் பார்வைக்கு அகப்படாது.

கண்ணுக்குத் தெரியாத காயத்தை நம்பலாமா என்ற வழக்கு பழையது. மூளையதிர்ச்சியை மண்டை உடைப்பிலிருந்து பிரித்து, தனி நிலையாக முதலில் எழுதியவர் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாரசீக மருத்துவர் அல்-ராஸி என்பார்கள். வழக்கு சூடுபிடித்தது ரயில் வந்த பிறகு. ரயில் விபத்தில் வெளிக்காயம் இல்லாமல் தப்பியவர்கள் வாரக்கணக்கில் நடுங்கினார்கள், தூக்கமின்றித் தவித்தார்கள். நரம்பு மண்டலம் அதிர்ந்ததே காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் நூல் எழுதினார். ரயில்வே கம்பெனி ஒன்றில் மருத்துவராயிருந்த ஹெர்பர்ட் பேஜ் 1883இல் அதை மறுத்து, அச்சமும் மனநிலையும் காரணம் என்றார். இழப்பீட்டு வழக்குகளில் இரு தரப்பும் இந்த இரண்டு நூல்களை எடுத்து வாதாடின. முதல் உலகப் போரில் குண்டு வெடித்த இடத்தருகே நின்ற சிப்பாய்களுக்கு வந்த இதேபோன்ற நிலையைச் சார்லஸ் மையர்ஸ் 1915இல் லான்செட் இதழில் விவரித்தபோதும் காயமா, கோழைத்தனமா என்ற பழைய பேச்சே திரும்ப எழுந்தது. அளக்க ஒரு வழி இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்களில் பலர் பட்ட அவமானம் குறைந்திருக்கும். கண்ணை அளக்கும் முயற்சிக்குப் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது.

கண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் இரண்டாவது பார்வையைக் கொண்டுசெல்கிறது. மூன்றாவதும் நான்காவதும் ஆறாவதும் விழியை அசைக்கின்றன. நான்காம் நரம்பு மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி மண்டைக்குள் நெடுந்தூரம் சுற்றி வருவதால் அடி அதை எளிதில் பாதிக்கும். விழியை எங்கே திருப்புவது என்று தீர்மானிப்பதில் முன்மூளைக்கும் பக்கமூளைக்கும் பங்கு உண்டு. அசைவின் அளவைச் சிறுமூளை சரிபார்க்கிறது. தலை அசையும்போது காட்சி அலையாமல் காப்பது உள்காதும் மூளைத்தண்டும். ஓடும் பேருந்தில் உட்கார்ந்து கடைப்பலகையைப் படிப்பதற்கு இத்தனையும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் ஒத்துழைக்க வேண்டும். மூளையில் எங்கே தளர்ச்சி வந்தாலும் இந்த ஒத்துழைப்பில் அது வெளிப்பட வாய்ப்புண்டு.

இந்தச் சோதனைகளில் மிக எளியதற்குப் பேனாவும் அடிக்கோலும் போதும். பேனா முனையையோ சிறு எழுத்து ஒட்டிய குச்சியையோ அடிபட்டவர் கை நீளத்தில் பிடித்து, இரு கண்ணாலும் பார்த்தபடி மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவருகிறார். ஓரிடத்தில் எழுத்து இரண்டாகப் பிரியும், அல்லது எதிரே இருப்பவருக்கு ஒரு விழி வெளிப்பக்கம் நழுவுவது தெரியும். அங்கே நிறுத்தி, மூக்கு நுனியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி எடுப்பது வழக்கம். நல்ல கண்கள் மூக்கிற்கு மிக அருகில் வரும்வரை ஒன்றாகவே பார்க்கும். எழுத்து ஐந்து சென்டிமீட்டருக்கு அப்பாலேயே பிரிந்தால் கவனிக்க வேண்டியது. இதைச் செய்துகொண்டிருக்கும்போதே முகம் சுளிப்பதும், நெற்றியைப் பிடித்துக்கொள்வதும், போதும் என்று கையைத் தாழ்த்துவதும் அடிக்கோல் காட்டாத செய்திகள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இவற்றையும் விடவில்லை. தொடர்பார்வை, தாவல், தலையசைவு என ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், மந்தம் ஆகிய நான்குக்கும் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சோதனைக்குள்ளானவரையே சொல்லச் சொல்கிறது. பொருளை அளக்கும் கோலும் அனுபவத்தைக் கேட்கும் கேள்வியும் அங்கே ஒரே தாளில் இருக்கின்றன. இந்தத் துறையில் எழுந்த யோசனைகளுள் மிக நேர்மையானது இதுவே எனலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆலன் கிங், ஸ்டீவன் டெவிக் என்ற இரு கண்ணியல் மாணவர்கள் வாசிப்புக் குறைபாட்டை அறிய 1976இல் உருவாக்கிய சோதனையில், மூன்று அட்டைகளில் ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்கும் எண்களை வேகமாக உரக்கப் படிக்க வேண்டும். 2011இல் குத்துச்சண்டை வீரர்களிடம் அதைப் பயன்படுத்தினார்கள்; சண்டைக்கு முன் எடுத்த நேரத்தைவிடப் பின் எடுத்த நேரம் கூடினால் ஐயம். கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குவதையும் திரும்ப விரிவதையும் கையடக்கக் கருவிகள் அளக்கின்றன. டார்ச் அடித்துப் பார்க்கும் பழைய வழக்கத்துக்கு எண் கொடுத்தவை இவை. நரம்பு அறுவை மருத்துவர் உஸ்மா சமதானியின் ஆய்விலிருந்து வந்த ஐபாக்ஸ் என்ற கருவி, 220 நொடி ஓடும் ஒரு காணொளியைப் பார்க்கவைத்து இரு விழிகளும் எவ்வளவு ஒத்து நகர்கின்றன என்று கணக்கிடுகிறது. 2018 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை அனுமதித்தது. அந்த அனுமதியின் வாசகத்தில் ஒரு பகுதியைப் பின்னால் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணைப் பார்த்து உள்ளிருப்பதை அறிவது தமிழ் மருத்துவத்துக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மலம், மூத்திரம் ஆகியவற்றோடு விழியும் மொழியும் உண்டு. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசாண்ட இரண்டாம் சரபோசி தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடத்தினார். ஒவ்வொருவர் கண்ணையும் வண்ணத்தில் தீட்டி, நோய்க்குறிப்போடு சேர்த்துவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எண் இல்லாத காலத்தில் ஓவியமே அளவீடாயிருந்தது. பொருட்பாலில் குறிப்பறிதல் அதிகாரத்தை முடிக்கும் குறளில், நுட்பம் வாய்ந்தவர்கள் மனத்தை அளக்கக் கையாளும் கோல் கண்ணைத் தவிர வேறில்லை என்று வள்ளுவர் தீர்க்கிறார். பரிமேலழகர் அதை அரசனின் கருத்தை அமைச்சர் அறிவதாகக் கொண்டு, அளக்கும் கோல் அரசனுடைய கண் என உரை செய்கிறார்.

அளவை நூல் வேலை செய்யத் தொடங்குவது இங்கேதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவையோடுதான் தொடங்குகிறது. காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறும், அவற்றின்மேல் நான்கும் சொல்வார் உண்டு என்று காட்டிவிட்டு, எல்லாம் நேரில் அறியும் காண்டல், ஊகித்து அறியும் கருதல், நம்பத்தக்க சொல்லான உரை என்ற மூன்றில் அடங்கும் என்று அவர் முடிக்கிறார். இறைவன் உண்டா, உயிர் உண்டா என்ற பெரிய கேள்விகளுக்குப் போகும் முன்பே எதைக் கொண்டு எதை அறிவது என்று வரையறுத்துக்கொள்ளும் இந்த ஒழுங்கு, திருவாவடுதுறை, தருமபுரம் மடங்களின் பாடத்திட்டத்தில் நிலைத்த இடம் பெற்றது.

காண்டலை அருணந்தியார் நான்காகப் பிரிக்கிறார்: ஐம்பொறி வழியாகக் காணும் காட்சி, மனத்தால் காணும் மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. மூன்றாவதுதான் இங்கே முக்கியம். இன்பத்தையும் துன்பத்தையும் உயிர் தானே நேரில் அறிவது தன்வேதனை. தலைவலியை ஒருவர் ஊகித்து அறிவதில்லை, வேறு எதிலிருந்தும் வருவிப்பதில்லை, காண்கிறார். பொறியால் காணும் காட்சிக்கு எவ்வளவு நேரடித்தன்மை உண்டோ அவ்வளவு இதற்கும் உண்டு, ஏனென்றால் இதுவும் காண்டலின் ஒரு வகைதான். நோயாளி சொல்வது மனப்பிரமையாக இருக்கலாம், எண்தான் உண்மை என்று நினைப்பவர் இந்தப் படிநிலையைத் தலைகீழாக்குகிறார். காண்டல் நோயாளியிடம் இருக்கிறது. மருத்துவரிடமும் கருவியிடமும் இருப்பது கருதல் மட்டுமே.

கருதலுக்கு ஏது, அதாவது அறியவைக்கும் காரணக்குறி, வேண்டும். சித்தியார் இயல்பு, காரியம், அனுபலத்தி என ஏதுவை மூன்றாக்குகிறது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது காரிய ஏது. விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது. பேனா முனை எட்டு சென்டிமீட்டரிலேயே இரண்டாகப் பிரிவதைக் கண்டு மூளை அதிர்ந்ததை அறிவதும் அதே வகை. குடவாசல் மக்களுக்கு இதைப் போன்ற ஓர் அறிதல் ஊர்க்கதையாகவே தெரியும். அங்குள்ள கோணேசுவரர் கோயில் கோச்செங்கட்சோழர் எடுத்த மாடக்கோயில்களுள் ஒன்று எனப் போற்றப்படுகிறது. நல்ல நாழிகை வரும்வரை பிறப்பைத் தாழ்த்தித் தாய் வேதனை பொறுத்ததால் குழந்தை கண் சிவந்து பிறந்தது, அதனால் செங்கணான் எனப் பெயர் பெற்றது என்று பெரிய புராணம் சொல்கிறது. யாரும் உள்ளே புகுந்து காண முடியாத ஒரு துன்பத்தின் தடம் குழந்தையின் கண்ணில் நின்றதாக அந்தக் கதை கொள்கிறது.

புகையிலிருந்து நெருப்புக்குப் போகும் வழி பழுதில்லாமல் இருக்க, நெருப்பில்லாத இடத்தில் புகை இருக்கவே கூடாது. கண்ணின் அளவுகள் இந்தத் தேர்வில் முழுதும் தேறுவதில்லை. விழிகள் மூக்கை நோக்கிச் சேராமல் போவது அடிபடாதவர் பலரிடமும் காணப்படும் குறை. இரவு தூங்காதவர், குடித்தவர், சில மாத்திரைகளை உட்கொள்பவர், கண்புரை உள்ளவர், சிறுவயதிலேயே மாறுகண் உள்ளவர் ஆகியோரிடமும் அளவுகள் பிசகும். இவ்வாறு நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் நிற்கும் ஏதுவை மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அநைகாந்திகம் என்று பெயரிட்டுப் போலி ஏதுக்களில் சேர்க்கிறார். ஐபாக்ஸ் கருவியின் அனுமதி வாசகம் இதையே ஒப்புக்கொள்கிறது: கருவி ஆம் என்று காட்டும் கண்ணசைவு மூளையதிர்ச்சி உள்ளவரிடமும் இல்லாதவரிடமும் இருக்கலாம், வழக்கமான நரம்புப் பரிசோதனையோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் செய்ததாகச் சொல்லப்படும் தருக்க உபதேசமும் இருபத்தோராம் நூற்றாண்டின் ஒழுங்குமுறை அலுவலகமும் ஒரே எச்சரிக்கையைத் தருவது வியப்பில்லை. கருதலின் எல்லை எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

மூன்றாவது ஏதுவான அனுபலத்திதான் மருத்துவமனைகளில் அதிகமாகத் தவறாகக் கையாளப்படுகிறது. ஒன்று காணப்படாமையிலிருந்து அது இல்லை என்று அறிவது அனுபலத்தி. குளிர் இல்லாமையால் பனி இல்லை என்பது சித்தியார் தரும் காட்டு. இதற்குப் பழைய தருக்கர்கள் இட்ட நிபந்தனை கடுமையானது: இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலையில்தான் காணாமை இன்மையைக் காட்டும். மேசைமேல் குடம் இல்லை என்று பகலில் சொல்லலாம். இருட்டறையில் சொல்ல முடியாது. மூளையில் இரத்தக்கசிவு இருந்தால் சிடி ஸ்கேனில் தெரியும், ஆகவே ஸ்கேன் நார்மல் என்றால் கசிவு இல்லை என்பது நல்ல அனுபலத்தி. இழுபட்ட நரம்பிழை ஸ்கேனில் தெரியவே தெரியாது, ஆகவே ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை என்பது தவறான அனுபலத்தி. ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதைச் சொல்லும் மருத்துவர் சரியாகவும், இரண்டாவதைச் சொல்பவர் பிழையாகவும் பேசுகிறார். நாளைக்குக் கண்கருவி வந்து ஸ்கேனின் இடத்தைப் பிடித்தாலும், கண் நார்மல் என்ற வாக்கியத்துக்கும் இதே நிபந்தனை பொருந்தும். இந்த நிபந்தனையை மருத்துவப் படிப்பில் ஒரு வகுப்பாகவே வைப்பது தகும்.

எஞ்சியது உரை. சித்தியார் உரையளவையைச் சிவாகமத்துக்கே உரியதாக்குகிறது. தெருவில் போகிறவர் பேச்சை அது கணக்கில் எடுக்கவில்லை. நியாய மரபு இன்னும் அகலமானது. கண்டதைக் கண்டபடி சொல்ல விரும்புகிறவர் ஆப்தர். அந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்சியாயனர் சொல்கிறார். தம் வலியை நேரில் கண்ட கூலித்தொழிலாளி அந்த விஷயத்தில் ஆப்தர். சாதியும் படிப்பும் உடையும் பார்த்து அவர் சொல்லைத் தள்ளுவதற்குத் தருக்கத்தில் இடமில்லை. ஆனால் கண்டதைக் கண்டபடி சொல்ல விரும்ப வேண்டும் என்ற பாதி முக்கியம். கூலி போய்விடும், அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சி மறைப்பவர் உண்டு. இழப்பீட்டுக்காக மிகைப்படுத்துபவரும் உண்டு. இவர்களைத் தவிர, தமக்கே தெரியாமல் தவறாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மூளை அதிர்ந்தால் தன்னைக் கவனிக்கும் திறனும் சேர்ந்தே மழுங்கக்கூடும்.

கிரிக்கெட்டில் இதற்குத் துயரமான சான்று இருக்கிறது. 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில் நடந்த கிளப் ஆட்டத்தில் மட்டையாளருக்கு மிக அருகே தலைக்கவசம் இல்லாமல் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பாவின் தலையில் பந்து பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை என்று அவர் தாமாகவே நடந்து வெளியேறினார். மூன்று நாளில் இறந்தார். அவருக்கு நேர்ந்தது லேசான காயம் இல்லை, மண்டைக்குள் இரத்தம் கசிந்தது. ஆனால் முதல் மணி நேரத்தில் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல அடிபட்டவரின் வாய்ச்சொல் போதாது. மறுபக்கத்தை 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் நடந்த இந்தியா–ஆஸ்திரேலியா ஆட்டத்தில் பார்க்க முடிந்தது. கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. இடைவேளையில் இந்திய அணி மருத்துவர்கள் மூளையதிர்ச்சி என்று தெரிவிக்க, ஐசிசி 2019 ஆகஸ்டில் கொண்டுவந்த மாற்று வீரர் விதியின்படி யுஸ்வேந்திர சாகல் இறங்கி மூன்று விக்கெட்டுகள் எடுத்தார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஆட்ட நடுவரிடம் வாதாடினார். ஜடேஜாவுக்குத் தொடையிலும் பிடிப்பு இருந்ததால், எதற்காக வெளியேறினார் என்ற பேச்சு நாளெல்லாம் நடந்தது. வீரரின் சொல்லையும் மருத்துவரின் தீர்ப்பையும் நம்புவதே அந்த விதியின் அடிப்படை. ஐயத்தோடு தொடங்கும் விதி எதுவாயினும் அடுத்த முறை அடிபடும் இளைஞரை வாய்மூட வைக்கும். இத்தகைய இடங்களில் கண்ணளவு பெரிய துணை. மறைப்பவரை அது காக்கிறது. உண்மை சொல்பவரின் சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது. சொல்லத் தெரியாத குழந்தைக்காகப் பேசுகிறது.

அளப்பது எதை என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. தலையில் அடிபட்ட சிலர் சிடுசிடுப்பவராகிறார்கள், மறதிக்காரராகிறார்கள். ஆளே மாறிவிட்டான் என்று வீட்டார் வருந்துவார்கள். சைவ சித்தாந்த மூலநூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் உயிரை மனம் முதலிய அந்தக்கரணங்களிலிருந்து வேறானதாகக் கொள்கிறது. அரசன் அமைச்சரோடு கூடி நிற்பதைப்போல அவற்றோடு கூடி, நனவு முதலான ஐந்து அவத்தைகளில் நிற்பது உயிர். பதினோராம் சூத்திரம் கண்ணையே எடுத்துக்கொள்கிறது: கண் தானே காண்பதில்லை, உயிர் அதற்குக் காட்டித் தானும் உடன் காண்கிறது, அதைப்போல இறைவன் உயிருக்குக் காட்டி உடன் காண்கிறான். திருவாவடுதுறைச் சிவஞான முனிவரின் மாபாடியம் இந்த இடங்களை விரிவாக ஆராய்கிறது. இந்தப் பார்வையில் அடிபட்டது கருவி. கருவி தளர்ந்ததால் உயிரின் அறிவு மங்கித் தெரிகிறது, உயிர் குறைபடுவதில்லை. திருவாரூர் மண்ணில் இது வெறும் கொள்கையாக மட்டும் இருந்ததில்லை. கமலாலயக் குளத்தைக் கயிறு கட்டித் தடவித் தடவித் தோண்டிய தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணில்லாதவர். சுந்தரர் இரு கண்ணும் இழந்து, ஒன்றைக் காஞ்சியிலும் மற்றதைத் திருவாரூரிலும் பெற்றார். இடையில் அவர் பாட்டு நின்றதில்லை. கண் பழுதானால் அறிபவர் பழுதாகிவிட்டார் என்று இந்தப் பக்தி மரபு எண்ணியதே இல்லை. உயிரைத் தனிப்பொருளாக ஏற்காதவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: எரிந்து விழுகிற நோயாளியிடம், அது அவருடைய குணமன்று, காயத்தின் வேலை என்று தெரிந்து நடந்துகொள்வது. பாதிக்கப்பட்ட விழியசைவைக் குடும்பத்தார் கண்ணெதிரே அளந்து காட்டும்போது இந்தப் பொறுமை வீட்டில் எளிதாக வருகிறது.

வயல்நாட்டில் இந்த முறைகளைக் கொண்டுவருவதற்குச் சில தடைகள் உண்டு. எண் அட்டைச் சோதனைக்கு அடிபடுவதற்கு முன்பே எடுத்த நேரம் கையில் இருக்க வேண்டும். கபடி அணிகளிலும் பள்ளி விளையாட்டிலும் பருவத் தொடக்கத்தில் எடுத்து வைக்கலாம், விபத்தில் வந்தவருக்கு அது இருக்காது. வேகமாக எண் படித்துப் பழகாத முதியவருக்கு அந்தச் சோதனையே பொருந்தாது. நாற்பதைக் கடந்த பலருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படும். வெயிலில் உழைத்தவர்களிடம் கண்புரை மிகுதி. ஆகவே விலையுயர்ந்த கருவியைவிட, பேனா முனைச் சோதனையையும் விழி தொடரும் விதத்தையும் நன்றாகப் பழகிய ஒரு செவிலியரே வட்ட மருத்துவமனைக்கு முதலில் வேண்டியவர். முதல் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை அளந்தால், இடையில் நேரும் மாற்றமே நல்ல ஏதுவாகும். ஒற்றை அளவைவிடத் தொடர் அளவுக்கு அநைகாந்திகக் குற்றம் குறைவு.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் இந்த எண்கள் எப்படி வைக்கப்படும் என்பது அடுத்த கவலை. எரிக்சனும் பேஜும் மோதிய அதே இடத்துக்கு ஒரு கண்கருவியின் அச்சுத்தாள் வந்துசேர்ந்தால், கருவி இல்லை என்று காட்டியதால் வலியும் இல்லை என்று வாதாட ஆள் இருப்பார்கள். அந்த வாதம் காண்டலைக் கருதலால் மறுப்பது. அளவை நூல் முறைப்படி அது செல்லாது. விளையாட்டில் மூளையதிர்ச்சி பற்றி 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு, மருத்துவர் அறையில் பயன்படுத்துவதற்கென வெளியிட்ட படிவத்தில் நோயாளி தாமே மதிப்பெண் இடும் அறிகுறிப் பட்டியலும் கண், சமநிலைச் சோதனைகளும் தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன.